ஹெர்மிட் நண்டு வாங்குறீங்களா? கலரை விடுங்க, இடது கொடுக்கைப் பாருங்க

கேள்வி: அண்ணா, நாங்க நியூ ஜெர்சில இருக்கோம். போன மாசம் பீச்சுக்கு போனப்போ போர்டுவாக் (கரையோர மர நடைபாதை) கடைல பொண்ணு அடம் பிடிச்சு ரெண்டு ஹெர்மிட் நண்டு (காலி சங்குக்குள்ள குடியிருக்கற சின்ன நண்டு) வாங்கிட்டா. ஒண்ணோட கொடுக்கு ஊதா, இன்னொண்ணு உடம்பெல்லாம் சாம்பல் கலர். "ரெண்டும் ஒரே வகைதான், ஸ்பாஞ்சுல தண்ணி நனைச்சு வெச்சா போதும்"னு கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடினா ஒண்ணு பர்ப்பிள் பின்ச்சர், ஒண்ணு ஈக்வடோரியன்னு போட்டிருக்கு. எப்படி உறுதி பண்றது? தப்பா சொல்லி வித்திருந்தா காசு திருப்பி கேக்கலாமா?

பதில்: காசு விஷயத்த முதல்ல முடிச்சிடுறேன் சகோதரி. ரசீத எடுத்துப் பாருங்க, உயிருள்ளது ரிட்டர்ன் கிடையாதுன்னு பொடி எழுத்துல போட்டிருக்க நிறைய சான்ஸ் இருக்கு. அப்படி இல்லன்னாலும் சில டாலர் நண்டுக்கு மறுபடி அவ்ளோ தூரம் கார் ஓட்டிட்டு போனா பெட்ரோல் காசுகூட தேறாது. அதுவும் போக, திருப்பிக் குடுத்தா அது மறுபடி கடைக் கம்பிக் கூண்டுக்குத்தான் போகும். இப்போ அது என்ன வகைன்னு தெரிஞ்சுக்கறதுதான் உங்களுக்கு லாபம்.

அமெரிக்கால கடைல விக்கிற நிலத்து ஹெர்மிட் நண்டு பெரும்பாலும் ரெண்டே வகை, நீங்க சொன்ன அதே ரெண்டுதான். பர்ப்பிள் பின்ச்சர்ங்கறது கரீபியன் பக்கத்து நண்டு, ஃப்ளோரிடா தெற்குல இருந்து வெனிசுலா வரைக்கும் இருக்கு, அறிவியல் பேரு சீனோபிட்டா க்ளிபியாட்டஸ். ஈக்வடோரியன்ங்கறது அந்தப் பக்கம் பசிபிக் கரையோர நண்டு, சீனோபிட்டா கம்ப்ரெஸ்ஸஸ். பேர வெச்சு ஈக்வடார்ல மட்டும்தான் இருக்கும்னு நெனச்சிடாதீங்க, மெக்சிகோவோட பாஹா கலிஃபோர்னியா வரைக்கும் உண்டு.

இப்போ எப்படி பாக்கறதுன்னா, எல்லாரும் பண்ற தப்பு கலர்ல ஆரம்பிக்கறது. கலர் ஏமாத்தும். குட்டி பர்ப்பிள் பின்ச்சருக்கு கொடுக்கு வெளிறிப் போய் லேசா இருக்கும், பாத்தா ஊதான்னே சொல்ல மாட்டீங்க. சட்டை உரிச்சு வந்ததும் அதே நண்டு வேற ஷேடுல நிக்கும். ஈக்வடோரியன்லயே சாம்பல் இருக்கு, மஞ்சள் இருக்கு, நீலம் ஓடின மாதிரிகூட இருக்கு. அதனால கலர கடைசியா பாருங்க.

முதல்ல கண்ணு. இருக்கறதுலயே நம்பகமானது அதுதான். நண்ட ஒரு தட்டுல வெச்சிட்டு கைய எடுத்துட்டு சும்மா உக்காந்திருங்க, அஞ்சு பத்து நிமிஷத்துல தலைய நீட்டும். கண் காம்பு நுனில இருக்கற கறுப்பு மிளகு மாதிரி உருண்டையா புள்ளியா இருந்தா பர்ப்பிள் பின்ச்சர். நீளவாக்குல, எழுதும்போது போடற கமா மாதிரி இழுத்து இருந்தா ஈக்வடோரியன். ஒரு தடவ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாத்துட்டீங்கன்னா அப்புறம் மறக்கவே மாட்டீங்க, நான் எல்லாம் இப்போ கடைக் கண்ணாடிக்கு வெளில நின்னே சொல்லிடுவேன் (வீட்ல இதுக்கு திட்டு வாங்குறேன், அது வேற).

அடுத்து அந்தப் பெரிய கொடுக்கு. நிலத்து ஹெர்மிட் நண்டு எந்த வகையா இருந்தாலும் இடது கொடுக்குதான் பெருசு, ஆபத்துன்னா உள்ள போயி அந்தக் கொடுக்காலதான் சங்கு வாய கதவு மாதிரி அடைக்கும். பர்ப்பிள் பின்ச்சருக்கு அது உருண்டு திரண்டு, சின்னச் சின்ன பரு மாதிரி சொரசொரப்போட ஊதாலயோ செங்கபிலத்துலயோ இருக்கும். ஈக்வடோரியனுக்கு கொடுக்கோட மேல் பாதில நாலஞ்சு மேடு வரிவரியா தெரியும். லென்ஸ் தேவையில்ல, ஃபோன்ல ஜூம் பண்ணி ஒரு ஃபோட்டோ எடுத்தா போதும். நடைலயும் வித்தியாசம் இருக்கு, ஈக்வடோரியன் ஓட்டமா ஓடும், பர்ப்பிள் பின்ச்சர் ஏதோ பென்ஷன் ஆபீசுக்கு போற மாதிரி போகும். ஆனா நடைய வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, குளிர்ல இருந்தா எல்லாமே மெதுவாதான் போகும்.

வகை தெரிஞ்சு என்ன ஆகப் போகுதுன்னு கேப்பீங்க. நல்ல தண்ணி, கடல் தண்ணி ரெண்டு கிண்ணம் எல்லா வகைக்கும் வேணும்தான், ஆனா ஈக்வடோரியன் கரைய விட்டு ரொம்ப தூரம் போகாத நண்டு, உப்புத் தண்ணி இல்லன்னா ரொம்ப சீக்கிரம் அடி வாங்கறது அதுதான். சமையல் உப்பக் கரைச்சு வெக்காதீங்க, வளர்ப்பு மீன் கடைல மரைன் சால்ட்னு கேட்டு வாங்குங்க, குழாய் தண்ணியா இருந்தா குளோரின் எடுக்கற மருந்து ரெண்டு சொட்டு. பர்ப்பிள் பின்ச்சர் உருண்டை வாய் உள்ள சங்கத்தான் தேடும், டர்போ சங்குன்னு கேட்டா கெடைக்கும், ஒவ்வொரு நண்டுக்கும் மூணு நாலு சைஸ்ல போட்டு வைங்க. சங்குக்கு அதுங்க படற பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. பெர்முடால இந்த நண்டு போட்டுக்கற பெரிய சங்குப் பூச்சிய மனுஷங்க பிடிச்சுத் தின்னே ஒழிச்சிட்டாங்க, அதனால அங்க நண்டுங்க மண்ணுல புதைஞ்சு கெடந்த புதைபடிவ சங்க எடுத்து மாட்டிக்கிட்டு திரிஞ்சுதுங்க.

கடைல சூப்பர்ஹீரோ படம், கலர்னு பெயிண்ட் அடிச்சுக் குடுத்த சங்கா இருந்தா உடனே பிடுங்காதீங்க. இழுத்தா அது விடாது, பிஞ்சு போகும். பக்கத்துல நல்ல சங்கு வெச்சா அதுவே ஒரு நாள் ராத்திரி மாறிக்கும், அப்புறம் அந்த சூப்பர்ஹீரோ சங்க தூக்கி குப்பைல போடுங்க. கூடவே ஃப்ரீயா வந்த கம்பிக் கூண்டும் குப்பைக்குத்தான். இது நிலத்துல இருந்தாலும் மூச்சு விடறது செவுள் வழியா, அந்த செவுளு ஈரமா இருக்கணும்னா காத்துல 70, 80 சதவீதம் ஈரப்பதம் வேணும், கம்பிக் கூண்டுல அது நிக்கவே நிக்காது. பழைய கண்ணாடி மீன் தொட்டி, மேல மூடி, அடில மணலும் தேங்கா நார்த் தூளும் கலந்து ஆறு இஞ்சாவது ஆழம். சட்டை உரிக்கறதுக்கு அதுல புதைஞ்சு போய் வாரக்கணக்குல, பெரிய நண்டுன்னா மாசக்கணக்குல கூட வெளிய வராது. செத்துப் போச்சுன்னு தோண்டிடாதீங்க. செத்திருந்தா மூக்கே சொல்லும், அழுகின மீன் நாத்தம்.

ரெண்டையும் ஒரே தொட்டில வெக்கலாம், சண்டைக்கு பயப்படாதீங்க, சங்கு மட்டும் பஞ்சம் இல்லாம பாத்துக்கோங்க.

கேள்வி: சிங்கப்பூர்ல இருந்து எழுதுறேன் சார். ஒருத்தர் ஆன்லைன்ல "ஸ்ட்ராபெரி ஹெர்மிட், ரேர் பீஸ்"னு சொல்லி சாதா நண்ட விட பல மடங்கு விலை சொல்றார். ஃபோட்டோல செவப்பா அழகாதான் இருக்கு. நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க தம்பி, ரெண்டு காரணம் இருக்கு.

ஒண்ணு, சிங்கப்பூர்ல செல்லப்பிராணியா வெச்சுக்க அனுமதி உள்ள பட்டியல்ல நிலத்து ஹெர்மிட் நண்டுன்னு இருக்கறது சீனோபிட்டா ருகோஸஸ்ங்கற வகை. ஸ்ட்ராபெரி அது இல்ல, அது சீனோபிட்டா பெர்லாட்டஸ். அவர் சொல்றது உண்மைன்னா நீங்க சட்டச் சிக்கல்ல மாட்டறீங்க, பொய்ன்னா சாதா நண்டுக்கு தண்டம் அழறீங்க. எப்படிப் பாத்தாலும் நட்டம் உங்களுக்குத்தான். பட்டியல் அப்பப்போ மாறும், காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஏவிஎஸ் (சிங்கப்பூர் அரசோட விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை) தளத்துல ஒரு தடவ பாத்துடுங்க.

ரெண்டாவது, அந்த ஃபோட்டோல இருக்கறது ஸ்ட்ராபெரிதானாங்கறதே சந்தேகம். ருகோஸஸ்லயே வெள்ளைல இருந்து பழுப்பு, நீலம், கறுப்பு, செவப்பு கலந்ததுன்னு எல்லாம் வரும், அதுல செவப்பு ஒண்ண எடுத்து பேர் மாத்தி விக்கறது பழைய டெக்னிக். ருகோஸஸ அடையாளம் காட்டறது இடது கொடுக்குல சாய்வா ஓடற தையல் மாதிரி வரி, ஏழெட்டு தையல் போட்டு காயத்த மூடின மாதிரியே இருக்கும். ஆனா இங்க ஒரு சிக்கல், ஸ்ட்ராபெரிக்கும் அந்தத் தையல் உண்டு, கண்ணும் ரெண்டுக்கும் நீளவாக்குதான், அதனால அத வெச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது. உடம்பு முழுக்க வெள்ளை மணி மணியா இருக்கான்னு பாக்கணும். பெர்லாட்டஸ்ங்கற பேரே முத்துங்கறதுல இருந்து வந்ததுதான், வளந்த ஸ்ட்ராபெரில செவப்பு மேல முத்து தெளிச்ச மாதிரி காலு, கொடுக்கு எல்லா இடத்துலயும் தெரியும். செவப்பு மட்டும் இருந்து மணி இல்லன்னா அது ஸ்ட்ராபெரி இல்ல. குட்டி ஸ்ட்ராபெரியோ வெளுத்துப் போய் ஆரஞ்சுக் கோடோட இருக்கும், "குட்டிதான் சார், ஆனா பாருங்க எவ்ளோ செவப்பு"ன்னு யாராவது சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க.

இதே பக்கம் இன்னொரு வகையும் ருகோஸஸோட கலந்து வரும், ப்ரெவிமானஸ்னு. பழுப்பு இல்லன்னா இளம் ஊதால பெரிய வழவழ கொடுக்கோட இருக்கும், தையல் சுத்தமா இருக்காது. ஊதாவ பாத்துட்டு பர்ப்பிள் பின்ச்சர்னு விக்கறாங்க. கரீபியன் நண்டு நம்ம பக்கத்துக் கடல்ல எங்க இருந்து வரும் சொல்லுங்க.

கேள்வி: ஜோடியா வாங்கினா குட்டி போடும்னு கூட காசு வாங்கிட்டாங்க. ஆண் எது பெண் எதுன்னு எப்படி பாக்கறது?

பதில்: பெண் நண்டுக்கு நடக்கற கால்ல ரெண்டாவது ஜோடி உடம்போட சேர்ற இடத்துல ஒரு காலுக்கு ஒண்ணா ரெண்டு சின்ன ஓட்டை இருக்கும், ஆணுக்கு அங்க இருக்காது. ஆனா நண்டு சங்குல இருந்து பாதி உடம்பு வெளில வந்தாதான் அது தெரியும். கடைல கைல எடுத்து "இது ஆம்பள, இது பொம்பள"ன்னு ஒரு செகண்ட்ல சொன்னவர் உங்கள கேலி பண்ணிருக்கார்.

அந்தக் கூடுதல் காச மறந்துடுங்க. முட்டை பொரியறதே கடல் தண்ணில, குஞ்சு கண்ணுக்கு சரியா தெரியாத லார்வாவா கடல்ல மிதந்து வளந்து அப்புறம்தான் கரைக்கு வரும். தொட்டில ரெண்ட போட்டா நாலாகறதுக்கு இது கப்பி மீன் இல்ல. கடைல இருக்கற நண்டு எல்லாம் கடற்கரைல பிடிச்சு வந்ததுதான், பண்ணைல வளத்ததுன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க.

கேள்வி: சென்னைல ஒரு மீன் கடைல நிலத்து நண்டுன்னு சொல்லிக் குடுத்தாங்க, கால்ல நீலக் கோடு. தொட்டில மண்ணு போட்டு விட்டேன், ரெண்டே நாள்ல ஆடாம அசையாம கெடக்கு. நான் என்ன தப்பு பண்ணேன்?

பதில்: நீங்க தப்பு பண்ணல, உங்ககிட்ட கடல் நண்ட நிலத்து நண்டுன்னு வித்திருக்காங்க. ரெண்டு கொடுக்கும் ஏறக்குறைய ஒரே சைஸ்ல இருந்ததா, இல்ல வலது பெருசா இருந்ததா? அப்படின்னா அது நிலத்து நண்டே கிடையாது. கடல் வகைலயும் சிலதுக்கு இடது பெருசா இருக்கும், அதனால கண் காம்பையும் பாருங்க. நிலத்து நண்டுக்கு அது பக்கவாட்டுல அமுக்கின மாதிரி தட்டையா இருக்கும், கடல் நண்டுக்கு குச்சி மாதிரி உருண்டையா மெலிசா இருக்கும். மீசையும் சொல்லும், நிலத்து நண்டுக்கு ரெண்டு ஜோடில குட்டையான ஜோடியே நல்லா வளந்து, நடுவுல மடங்கி, நுனி மொழுக்குன்னு இருக்கும், அத காத்துல ஆட்டி ஆட்டி மோப்பம் பிடிக்கும்.

அத விட சிம்பிளா, கடைல அது எங்க இருந்துச்சுன்னு யோசிங்க. தண்ணிக்குள்ள இருந்து வலை போட்டு எடுத்துக் குடுத்தாங்கன்னா அது கடல் நண்டுதான். இன்னும் மீசை லேசா ஆடுதுன்னா இப்பவே உப்புத் தண்ணி தொட்டி வெச்சிருக்கற யார்கிட்டயாவது கொண்டு போங்க, குழாய் தண்ணில மட்டும் போட்டுடாதீங்க.