கோடு போட்ட எட்டாவது வரி

கேள்வி: வயது 57. அரசுப் பள்ளி ஆசிரியை. ஓய்வுபெற மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. இனியாவது எனக்காக என்ன செய்யலாம் என்று எழுதிப் பார்த்தேன். வீணை, தெலுங்கு, மாடித்தோட்டம், கார் ஓட்டக் கற்பது, எட்டுக் கிலோ குறைப்பது, காசி, எம்.ஏ. வரலாறு என்று பட்டியல் நீள்கிறது. எதிலிருந்து தொடங்குவது? எழுதிய தாளையே அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: சகோதரி, தாளை இரண்டு முறை படித்தேன். எட்டாவது வரியில் ‘தம்பி வீட்டுக்கு ஒரு தடவை’ என்று எழுதி, அதன் மேல் கோடு போட்டிருக்கிறீர்கள். பேனா அழுந்தியதில் தாளின் பின்பக்கம் புடைத்திருக்கிறது. மற்ற ஏழு வரிகளில் அப்படி ஓர் அழுத்தம் இல்லை.

நான் தாலுகா அலுவலகத்தில் 34 ஆண்டுகள் தபால் பிரித்தவன். காலையில் வரும் தபால் கட்டின் மேலே இருப்பதை முதலில் எடுக்கிறவன் மாலையில் மாட்டிக்கொள்வான். பட்டா மாறுதல் மனு காத்திருக்கும் (காத்திருந்தவர்கள் என்னைத் திட்டியதும் உண்டு). கோர்ட்டு வாய்தா காத்திருக்காது. உங்கள் தாளையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். காசி எங்கும் போய்விடாது, ஆனால் முழங்கால் போகலாம். ஆகவே அடுத்த கோடை விடுமுறைக்கே டிக்கெட் எடுங்கள். எம்.ஏ. ஓய்வுக்குப் பிறகு. எட்டுக் கிலோவைக் குறைக்கச் சொன்னது மருத்துவரா, கண்ணாடியா? கண்ணாடி என்றால் விட்டுவிடலாம். கார் ஆசை உங்களுடையதுதானா, பிள்ளைகள் ஏற்றிவிட்டதா என்பது எனக்குத் தெரியவில்லை.

வீணையை விடாதீர்கள். தெலுங்குக்குத் தனி வகுப்பு வேண்டாம். நீங்கள் வாசிக்கப்போகும் கீர்த்தனைகளில் பாதிக்கு மேல் தெலுங்குதான். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியரிடம் பொருள் கேட்டு எழுதிக்கொண்டால் பாட்டோடு பாஷையும் கொஞ்சம் வந்து சேரும்.

ஓய்வுபெற்ற வருடம் நான் ஐந்து காரியங்களை ஒரே மாதத்தில் தொடங்கினேன். அதில் மிஞ்சியது கட்டிலுக்கு அடியில் கிடக்கும் ஆர்மோனியம். பேத்தி அதன் மேல் ஏறி நின்று பரணில் பொம்மை எடுக்கிறாள். பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் என்னைவிடக் கெட்டிக்காரர். எண்பது வயதிலும் நன்றாக வாசிப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலை, முதுமையை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் பால் பால்ட்டஸ் அடிக்கடி எடுத்துக்காட்டுவார். ரூபின்ஸ்டைன் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். இருப்பவற்றை முன்னைவிட அதிகம் சாதகம் செய்தார். விரல் பழைய வேகத்துக்கு வராததால், வேகமான இடம் வருவதற்குச் சற்று முன்பு வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார். அடுத்து வருவது கேட்பவர் காதில் வேகமாக விழும்! இரண்டு காரியங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடச் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த இரண்டில் ஒன்று வீணை. இன்னொன்று கோடு போட்ட வரி. சண்டை நிலத்தாலா, நகையாலா என்று நீங்கள் எழுதவில்லை; நானும் கேட்கவில்லை. சமாதானம் பேசப் போக வேண்டாம். தம்பிக்குச் சின்ன வயதில் பிடித்த பலகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சனிக்கிழமை அதைச் செய்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். மாடித்தோட்டத்துக்கு மண் வாங்குவதைத் திங்கட்கிழமை பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு 63 வயது. தினமும் 10,000 அடி நடந்தால்தான் பலன் என்கிறான் மகன். 6,000-க்கு மேல் முடியவில்லை.
- ஒரு வாசகர், கரூர்

பதில்: அந்தப் பத்தாயிரம் மருத்துவர்கள் கூடி எடுத்த முடிவல்ல. 1965-இல் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் ‘மன்போ-கெய்’. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். கடைக்காரர் வைத்த பெயர் ஊர் முழுக்க இலக்காகிவிட்டது. உங்கள் ஆறாயிரத்தைத் தொடருங்கள். மகன் நேற்று எத்தனை அடி நடந்தார் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.