ஆக்டிவ் டைரக்டரி குழுக்களை லினக்ஸ் பக்கத்து எல்டாப்புடன் சிங்க் செய்வது எப்படி?

விண்டோஸுக்கு ஆக்டிவ் டைரக்டரி (ஏடி), லினக்ஸ் சர்வர்களுக்கு ஓப்பன்எல்டாப் (எல்டாப்) என்று பயனர், குழு விவரங்களை வைத்திருக்கும் இரண்டு டைரக்டரிகள் ஓடுகின்றன, பயனர் குழுக்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிங்க் தேவைதானா என்று முதலில் பாருங்கள். இப்படி இரண்டு டைரக்டரி உள்ள இடங்களைப் பராமரித்த அனுபவத்தில் சொல்கிறேன்: லினக்ஸ் சர்வர்களை எஸ்எஸ்எஸ்டி (டைரக்டரியிலிருந்து பயனர் விவரங்களைப் படிக்கும் லினக்ஸ் சேவை) மூலம் நேராக ஏடியில் சேர்க்க முடிந்தால் அதையே செய்யுங்கள். விண்டோஸ் தரும் அடையாள எண்ணான எஸ்ஐடியிலிருந்து, லினக்ஸுக்குத் தேவையான யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) ஆகியவற்றை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். கான்ஃபிக் ஒன்றாக இருந்தால் எல்லா சர்வரிலும் ஒரே எண்தான் வரும். பழைய ஃபைல்களில் வேறு எண்கள் பதிந்திருக்கின்றனவா? அந்தக் கணக்கீட்டை அணைத்துவிட்டு, பழைய எண்களை ஏடியிலேயே ஏற்றிவிடலாம்.

ஓப்பன்எல்டாப்பை விட்டு நகர முடியாத மென்பொருள்கள் இருந்தால், சரி, சிங்க் செய்துதான் ஆக வேண்டும். மாற்றங்களை ஏடியில் மட்டும் செய்யுங்கள், எல்டாப்பில் நகல் மட்டும் இருக்கட்டும். எல்எஸ்சி என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி இருக்கிறது. சொந்த ஸ்கிரிப்ட்டும் எழுதலாம்.

ஏடி குழுவின் 'மெம்பர்' அட்ரிபியூட்டில் முழு டிஎன் (டைரக்டரியில் அந்த உறுப்பினரின் முழு முகவரி) இருக்கும். எல்டாப்பில் உள்ள பழைய போசிக்ஸ் (லினக்ஸ் பாணி) குழுவின் 'மெம்பர்யூஐடி'யில் வெறும் பயனர்பெயர்தான். அதனால் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும். குழுவுக்குள் குழு இருந்தால், உள்ளே போய் ஆட்களைப் பிரித்தெடுக்க வேண்டும்.

பெரிய குழுக்களில்தான் உண்மையான ஆபத்து. வழக்கமான அமைப்பில் 1500 பேருக்கு மேல் போனால் ஏடி 'மெம்பர்' என்ற பெயரில் எதுவும் தராது; 'மெம்பர்;ரேஞ்ச்=0-1499' என்று முதல் துண்டை மட்டும் தரும். மீதியை அடுத்தடுத்துக் கேட்டு வாங்க வேண்டும். இதை அறியாத ஸ்கிரிப்ட், குழுவில் யாருமே இல்லை என்று நினைத்து எல்டாப்பில் அத்தனை பேரையும் தூக்கிவிடும். மறுநாள் காலை யாருக்கும் ஃபைல் திறக்காது. ஒரே ஓட்டத்தில் பாதிப்பேர் குறைந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்படி தயவுசெய்து ஒரு தடை வையுங்கள்.

ஏடியில் பயனர்கள் இயல்பாகச் சேரும் 'டொமைன் யூசர்ஸ்' குழு காலியாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். அது பிரைமரி குழுவாக இருப்பவர்களின் உறுப்பினர் தகவல், பயனர் பதிவில் 513 என்ற எண்ணாக இருக்கும். அப்புறம், குழுக்களைப் பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள். பெயர் மாறும், ஏடி ஒவ்வொரு பதிவுக்கும் தரும் தனி அடையாளமான ஆப்ஜெக்ட்ஜியூஐடி மாறாது.

எல்டாப்பை எஸ்எஸ்எஸ்டி வழியாகப் படிக்கும் சர்வரில் பழைய பட்டியலே வந்தால், அது கேஷ் (சேமித்து வைத்த தற்காலிக நகல்). எஸ்எஸ்எஸ்டி இயல்பாக 5400 விநாடி வைத்திருக்கும். ஏற்கெனவே லாகின் செய்திருப்பவர்கள் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும்.