மூடுபனியில் ஹைபீம்: கேள்விகளும் பதில்களும்

இரவுநேர ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில், மூடுபனியில் விளக்குகளைப் பயன்படுத்துவது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: சாதாரண இருட்டில் ஹைபீம் (முகப்பு விளக்கின் நேராக வீசும் ஒளி) போட்டால் நெடுந்தூரம் தெரிகிறது. மூடுபனியில் மட்டும் எதிரே வெள்ளைத் திரை விழுவது ஏன்?

பதில்: மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகளின் கூட்டம். ஒரு துளியின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஒவ்வொரு துளியும் தன்மேல் விழும் ஒளியைச் சிதறடிக்கிறது. அதில் ஒரு பகுதி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஹைபீம் தாழாமல் நேராக வீசப்படுவதால், நாம் பார்க்கும் பாதையில் இருக்கும் துளிகள் எல்லாம் ஒளிரத் தொடங்குகின்றன. அப்பால் நிற்கும் வண்டியைத் தொட்டுத் திரும்பும் ஒளியோ, போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் பனியைக் கடந்தாக வேண்டியிருப்பதால், மிகவும் நலிந்துதான் நம்மை வந்தடைகிறது.

இதைவிட ஆற்றல் மிக்க பல்பைப் பொருத்தினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது. ஒளியைக் கூட்டினால் திரையின் வெண்மையும் தூரத்து உருவத்தின் ஒளியும் ஒரே விகிதத்தில்தான் கூடும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தெளிவடையாது. கண் கூசுவது மட்டுமே மிச்சம். எனவே ஒளி தாழ்ந்து விழும் டிம்மில் ஓட்டுங்கள்.

கேள்வி: மஞ்சள் விளக்கு பனியை ஊடுருவும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால், எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. பிரான்ஸில் 1936 முதல் 1993 வரை முகப்பு விளக்குகள் மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அதனால் அந்நிறத்துக்கு அப்படியொரு நற்பெயர் நிலைத்துவிட்டது. மஞ்சள் ஒளி சிலருடைய கண்ணுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அதனால் கூடுதல் தூரம் தெரிந்துவிடாது.

கேள்வி: அப்படியானால் ஃபாக் லேம்ப் (மூடுபனிக்கான தனி விளக்கு) எப்படி உதவுகிறது?

பதில்: அதன் பயன் நிறத்தில் இல்லை, பொருத்தும் இடத்தில் இருக்கிறது. பம்பரின் கீழ்ப்பகுதியில் தாழ்வாக அமைந்து, மேல்விளிம்பு வெட்டியதுபோல் நிற்கும் அகலமான ஒளியைத் தரையோடு பரப்புவதால், நம் பார்வைப் பாதையில் உள்ள துளிகளை அது அதிகம் தீண்டுவதில்லை. அருகிலுள்ள சாலைக் கோடும் ஓரமும் தெரிகின்றன. ஹாலஜன் பல்புக்கென வடிவமைத்த விளக்குக் கூட்டில் எல்.இ.டி. பல்பை மாற்றிப் பொருத்தினால் இந்த வெட்டு விளிம்பு கெட்டு, ஒளி மேல்நோக்கிச் சிதறக்கூடும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு இண்டிகேட்டர்களையும் மினுக்கவிடலாமா?

பதில்: வேண்டாம். வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா என்ற குழப்பம் பின்னால் வருபவருக்கு ஏற்படும். நீங்கள் திரும்பப் போவதையும் அவருக்கு உணர்த்த இயலாது. பின்புற ஃபாக் லேம்ப் இருந்தால் அதைப் போடுங்கள். பனி விலகியதும் மறவாமல் அணைத்துவிடுங்கள். ஏறக்குறைய பிரேக் விளக்கின் அளவுக்கு அது ஒளிர்வதால், நீங்கள் பிரேக் பிடிப்பதையே மறைத்துவிடும். ஜெர்மனியில் 50 மீட்டருக்குக் குறைவாகத் தெரியும்போது மட்டுமே அதைப் பயன்படுத்த விதி அனுமதிக்கிறது; அந்நிலையில் வேகமும் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

கேள்வி: முன்னே செல்லும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போவது எளிதாக இருக்கிறது. அதில் தவறு உண்டா?

பதில்: உண்டு, நான் மிகவும் அஞ்சுவது இந்தப் பழக்கத்தைத்தான். விளக்கு கண்ணைவிட்டு மறையக் கூடாது என்று நெருங்கிச் செல்கிறோம். லாரி எதன்மீதாவது மோதி நின்றால் நமக்கு இடமே இருக்காது. கணக்கைப் பாருங்கள்: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி ஆனால், அதற்குள்ளேயே 25 மீட்டர் கடந்துவிடும், ஈரச் சாலையில் வண்டி முழுதாக நிற்க மேலும் 25 முதல் 30 மீட்டர் வேண்டும். 30 மீட்டர் மட்டுமே தெரியும் இடத்தில் இந்த வேகம் பொருந்தாது. 40-இல் சென்றாலும் அந்த 30 மீட்டரும் மிச்சமின்றித் தீர்ந்துவிடும் என்பதால், அதற்கும் கீழே இறங்க வேண்டும்.

கேள்வி: எதிரே வருபவர் ஹைபீமை அணைக்கவே இல்லை என்றால்?

பதில்: பதிலுக்கு நீங்களும் ஹைபீம் போடாதீர்கள், பார்வையற்ற இருவர் எதிரெதிரே வருவதாகிவிடும். வேகத்தைக் குறைத்து, அந்த ஒளியைப் பார்க்காமல் உங்கள் பக்கத்துச் சாலையோரக் கோட்டின்மீது பார்வையை வையுங்கள். அவர் கடந்த பின்பும் கண் தெளியச் சில வினாடிகள் ஆகும் என்பதால், உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் கோடு மீண்டும் துலங்கும்வரை அதே வேகத்தில் செல்லுங்கள்.