ஸ்வீட் பீ என்ற வாசப் பூங்கொடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரவு முழுக்க ஊறவைத்துத்தான் விதைத்தேன். பாதிக்கு மேல் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் கூழாகிக் கிடக்கிறது. (பெங்களூரு)

ஊறிய விதை சொதசொதவென்ற மண்ணில் மூச்சு முட்டி அழுகியிருக்கிறது. ஊறவைப்பது கட்டாயமே இல்லை. தோல் தடித்த கறுப்பு விதையானால், விதையின் கண்ணுக்கு (காயோடு ஒட்டியிருந்த தழும்பு) எதிர்ப்பக்கம் நகவெட்டியால் தோலை மட்டும் துளி கிள்ளுங்கள். உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். விதைக்கும் கலவைக்கு மூன்று பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு மண்புழு உரம். வேர் நேராக இறங்கும் என்பதால் கப் 10 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். விதையை 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றி, ஒருமுறை நன்றாக நனைத்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். அதன்பின் மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். 15–18 டிகிரியில் இரண்டு வாரத்துக்குள் முளைவிடும். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றாவிட்டால் தண்டு நூலாக நீளும். உங்கள் ஊருக்கு அக்டோபர் விதைப்புதான் சரி; ஏப்ரல் வெயிலைக் கொடி தாங்காது.

ஒற்றைத் தண்டாகவே போகிறது. நுனி கிள்ளலாமா?

தாராளமாக. 10 செ.மீ. உயரத்தில், இரண்டு மூன்று ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வரும். பூவும் கூடும். பிறகு 20 செ.மீ. இடைவெளியில் நட்டு, ஆறடி உயரத்துக்கு வலை கட்டுங்கள். பருமனான மூங்கிலைப் பற்றுக்கம்பி சுற்றாது. வலையோ சணலோ வேண்டும்.

இலை வெளிறி மஞ்சளாகிறது. உரத்துக்குக் குறைவில்லை. (குன்னூர்)

தேயிலைக்கு ஏற்ற அமில மண் இதற்கு ஆகாது. பி.ஹெச். 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அமிலம் மிகுந்தால், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுப் பாக்டீரியா ஒழுங்காக வேலை செய்யாது. செடி தழைச்சத்துக்குத் தவிக்கும். அதற்காக யூரியா போட்டால் இலை பெருத்து மொட்டு உதிரும். மண்ணைச் சோதித்துவிட்டு, நடுவதற்குச் சில வாரம் முன்பே, அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்து கொத்திவிடுங்கள்.

பூ பெரிதாக இருக்கிறது, வாசம்தான் இல்லை. (லண்டன்)

ரகத்தில்தான் கோளாறு. 1699-இல் சிசிலியிலிருந்து குபானி என்ற துறவி இங்கிலாந்துக்கு அனுப்பிய விதையில் பூத்த பூ சிறியது, ஊதாவும் அரக்குச் சிவப்புமாக இரட்டை நிறம், வாசம் தூக்கும். 1900-களின் தொடக்கத்தில் அலையலையான இதழோடு ஸ்பென்சர் ரகங்கள் வந்தபின், இதழின் அழகைத் துரத்தியதில் பல ரகங்களில் மணம் குறைந்துபோனது. 'குபானி', 'மட்டுகானா' என்ற பெயர் பார்த்து விதை வாங்குங்கள். ஆண்டுதோறும் தானே துளிர்க்கும் வகையாக இருந்தால் வாசத்தை எதிர்பார்க்கவே வேண்டாம்.

சென்னை மாடியில் வருமா?

அந்த வெயிலைக் கொடி தாங்காது, காசு வீண். முல்லையோ மனோரஞ்சிதமோ வையுங்கள்.

காயைச் சமைக்கலாமா?

கூடவே கூடாது. பார்க்கப் பட்டாணி போலிருந்தாலும் விதை நச்சு. அதிகம் தின்றால் கால்களை முடக்கும் கேசரிப் பருப்பின் இனம் இது. குழந்தைகள் உள்ள வீட்டில் காயைக் கொடியில் விடாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பூவைக் காம்போடு பறித்துவிட்டால் காயும் பிடிக்காது, பூப்பதும் நிற்காது.