தாத்தாவின் பெயர் எந்தக் கல்லிலும் இருக்காது

கேள்வி: என் அப்பா 1938-ல் பிறந்தவர். அவர் என் அப்பாயி வயிற்றில் இருக்கும்போதே தாத்தா மலாயாவுக்குப் பால்மரம் வெட்டக் கப்பலேறிவிட்டார். எப்போதாவது ஒரு கடிதம், கொஞ்சம் பணம் வரும். ஜப்பான்காரன் வந்த பிறகு அதுவும் நின்றுபோனது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், ‘சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஆள் திரும்பவில்லை’ என்றாராம். அப்பாயி அதை நம்பவில்லை. 1989-ல் கண்ணை மூடும்வரை பூவும் பொட்டும் எடுக்கவில்லை. இப்போது அப்பா, ‘அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்கிறார். ‘இந்த வயதில், பாஷை தெரியாத ஊரில் என்னத்தைத் தேடப் போகிறீர்கள்?’ என்று அண்ணனுக்குக் கோபம். எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழைய தபால் உறைதான். அதைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். அப்பாவை அழைத்துப் போகலாமா? தாத்தாவின் சமாதியைக் கண்டுபிடிக்க முடியுமா?
– பெயர் வேண்டாம், அறந்தாங்கி.

பதில்: முதல் கேள்விக்கு, அழைத்துப் போங்கள். இரண்டாவதற்கு, முடியாது. இந்த ‘முடியாது’வை விமானம் ஏறும் முன்பே, வீட்டில் வைத்தே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அங்கே போய் அவராகத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், அந்த ரயில் பாதை போகும் காஞ்சனபுரியில் அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஊருக்கு நடுவில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கத்தரித்த புல், வரிசை பிசகாத சிறு கற்கள், ஒவ்வொரு கல்லிலும் ஒரு வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, வயது, சிலவற்றில் அம்மாவோ மனைவியோ எழுதிக் கொடுத்த ஒரு வரி. இப்படி 6,900-க்கும் மேற்பட்டவர்கள். ஏறக்குறைய எல்லாரும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் ஒவ்வொரு தகடாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். நம் ஊர் முகம். நாலாவது வரிசையில் நிமிர்ந்து, ‘நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்மா?’ என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942-ன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். வேலை செய்த போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கும் மேல். இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். மலாயா, பர்மா, ஜாவா என்று கொண்டுவந்த ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90 ஆயிரம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேல் போனார்கள், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று ஆசை காட்டிச் சிலரை. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைச் சாத்திச் சிலரை. சரக்கு வண்டியில் சயாமின் பான்போங் ஊர் வரை, அங்கிருந்து காட்டுக்குள் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதிகளுக்குள் மருத்துவர்கள் இருந்தார்கள், செத்தவர் பெயரை ஒளித்துவைத்தாவது எழுதிய அதிகாரிகள் இருந்தார்கள். சண்டை முடிந்ததும் 1945-லேயே ஒரு குழு பாதை நெடுகப் போய் அவர்கள் புதைகுழிகளைக் கணக்கெடுத்தது. தோட்டத்து ஆளுக்குப் பெயர் எழுத யார் இருந்தார்கள்? ஒரே குழியில் போட்டு மூடினார்கள், அல்லது எரித்தார்கள். 1990-ல்கூட காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளியே வந்தன.

அதனால் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் உங்கள் பயணத்தைத் தொடங்காதீர்கள். முதலில் பக்கத்திலேயே இருக்கும் வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்தக் கோயிலுக்குப் போங்கள். ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களை அங்கேதான் சேர்த்து வைத்து நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். 2023-ல் நம்மவர்கள் அங்கே ஒரு நடுகல்லும் நட்டார்கள். அப்பா உட்கார்ந்து அழ ஓர் இடம் வேண்டுமென்றால் அது இதுதான். அடுத்து, குவே யாய் ஆற்றின் மேல் அந்த ரயில் பாதைக்காகக் கட்டிய பாலத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஜப்பான் ராணுவமே 1944-ல் கட்டிய நினைவுத்தூண் இருக்கிறது. சுற்றுச் சுவரில் பல மொழிக் கல்வெட்டுகள், தமிழும் உண்டு. கொன்றவனே வைத்த கல்லில் நம் எழுத்தைப் படிக்கும்போது கோபம்தான் வரும், வரட்டும்.

பாலத்தருகே, எலும்புகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிக் காட்டும் தனியார் மியூசியம் ஒன்றையும் பார்த்தேன். அப்பாவை அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

ரயில் அவசியம். பாங்காக் தோன்புரி நிலையத்திலிருந்து ‘நாம் தோக்’ என்ற ஊர் வரை அதே பாதையில் இன்றும் வண்டி ஓடுகிறது. ஏசி கிடையாது, சாதாரண பெஞ்சு, ஜன்னல் திறந்திருக்கும். முழுத் தூரமும் அவருக்கு ஆகாது; காஞ்சனபுரியில் ஏற்றுங்கள். வாங் போ அருகே மலைச்சரிவை ஒட்டி மரச்சட்டங்களின் மேல் வண்டி ஆமையாக நகரும். ஒரு பக்கம் கையெட்டும் தூரத்தில் பாறை, மறுபக்கம் கீழே ஆறு. இடது, வலது என்று யோசிக்காமல் ஆறு தெரியும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாதைக்காகப் பாறையைக் குடைந்த ஹெல்ஃபயர் பாஸ் மலைவெட்டுக்கு இறங்கப் படிகள் அதிகம், அதை அண்ணனுக்கு விட்டுவிடுங்கள். (ஆமாம், அண்ணனையும் அழைத்துப் போங்கள். சக்கர நாற்காலி தள்ள ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்று சொன்னால் வருவார்.) பர்மா பக்கம் பாதையின் மறுமுனையான தன்பியூசயாட் வரை போகலாமா என்று யாராவது கேட்டால், இப்போதைய நிலைமையில் வேண்டாம்.

சரி, உறைக்கு வருகிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தபால்தலையை யாரோ பிய்த்துவிட்டார்கள்; நம் வீட்டுப் பையன்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்த வேலைதான். ஆனால் முத்திரையில் பாதி தப்பியிருக்கிறது. ‘சுங்கை சிப்’ வரை ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. அது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டாகத்தான் இருக்க வேண்டும். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் இருந்த ஊர். அப்புறம், முகவரி எழுதிய கை தேர்ந்த கை. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றால், எழுதிக் கொடுத்தது தோட்டத்து எழுத்தரான கிராணியோ, ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுபோன கங்காணியோ. கங்காணியின் பெயர் அப்பாவுக்கு நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். கங்காணி தன் சொந்த ஊர்ப்பக்கத்தில்தான் ஆள் கட்டுவார். அப்படியானால் தாத்தாவோடு போனவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் ஊரைச் சுற்றிப் பத்து மைலுக்குள் இருப்பார்கள். சயாமிலிருந்து பிழைத்து வந்த ஒருவர், யார் யார் எந்த முகாமில் விழுந்தார்கள் என்று தன் வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மலேசியாவில் ‘டெத் ரயில்வே இன்ட்ரஸ்ட் குரூப்’ (இந்தப் பாதையை ‘டெத் ரயில்வே’, மரண ரயில் பாதை என்பார்கள்) என்று ஒரு குழு இந்தக் கதைகளைத் திரட்டுகிறது. தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், கிராமம், முத்திரை எல்லாம் எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள். பயணத்துக்கு முன்பே இதைத் தொடங்குங்கள். அப்பாவைப் பேசவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். அவர் அம்மா சொன்னதைக் கேட்ட காது இனி அவருடையது மட்டும்தான்.

எப்போது போவது? நவம்பர் கடைசியில் பாலத்தில் வாணவேடிக்கையோடு ஒரு திருவிழா நடக்கும், அந்த வாரம் வேண்டவே வேண்டாம். ஏப்ரல் வெயிலும் வேண்டாம். செத்த தேதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுப்பது நம் வழக்கம், ஆனால் புரட்டாசியில் அங்கே மழை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் தை அமாவாசைக்குப் போவேன், குளிர்ந்த பருவம். எள், தர்ப்பை, ஐயர் பற்றியெல்லாம் பாங்காக் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலில் முன்கூட்டியே விசாரியுங்கள். தமிழர்கள் கட்டிய கோயில்.

எங்கே கொடுப்பது என்று அப்பா கேட்பார். ரயில் பாதை எல்லைவரை குவே நொய் ஆற்றங்கரையை ஒட்டியே போகிறது; முகாம்களும் பெரும்பாலும் அந்தக் கரையில்தான் இருந்தன. அந்த ஆறு இறங்கி வந்து காஞ்சனபுரி ஊருக்குள்ளேயே குவே யாயோடு கலக்கிறது. நம் கணக்கில் அது கூடுதுறை. தாத்தா எந்த முகாமில் விழுந்திருந்தாலும், அவர் குடித்த தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். காலையில் போங்கள், அப்பா பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உள்ள ஒரு படித்துறையாக முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.