தோட்டத்தில் ஊட்டி ரயில் ஓடுமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் 40 அடி நீளத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. ஒரு முனையைவிட மறுமுனை 2 அடி மேடு. பேத்திக்காக ஊட்டி ரயில் மாதிரி ஒன்று அங்கே ஓடவிட ஆசை. நேரோகேஜ் எஞ்சின் எதை வாங்கலாம் ஐயா?
- ஒரு வாசகர், காரமடை

பதில்: மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறு எந்த ரயிலுக்கு ஆசைப்படுவீர்கள்! ஆனால் எஞ்சினை இப்போது வாங்காதீர்கள். சூலூரில் நான் செய்த தப்பு அதுதான். ஓட்டிப் பார்க்கும் அவசரத்தில் கரிசலைக் கொத்தி, அதன் மேலேயே தண்டவாளத்தை வைத்துவிட்டேன். ஐப்பசி மழையில் மண் உப்பியது, பங்குனி வெயிலில் பிளந்தது. "ஏனுங்க, வண்டிக்கு இன்னைக்கும் லீவுங்களா?" என்று வீட்டில் இன்னமும் கேட்கிறார்கள்.

முதலில் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. நம் ரயில்வே கணக்கில் 762, 610 மி.மீ. பாதைகள்தான் நேரோகேஜ். ஊட்டி ரயில் 1000 மி.மீ. மீட்டர்கேஜ். அதை 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 44.4 மி.மீ. வரும். தோட்ட ரயிலுக்கென்றே விற்கும் 45 மி.மீ. 'ஜி ஸ்கேல்' தண்டவாளம் கச்சிதமாகப் பொருந்தும்.

அடுத்தது ஏற்றம். சாதாரண மாடல் எஞ்சின் சிரமப்படாமல் இழுக்க 100 அடிக்கு 2 அடி ஏற்றம் போதும். உங்கள் 2 அடி மேட்டுக்கு 100 அடிப் பாதை வேண்டும், இருப்பதோ 40. வளைத்து வளைத்துத்தான் ஏற்ற வேண்டும். 2 அடி ஆர வளைவுகளும் கடையில் கிடைக்கும்; நீளமான பெட்டிகள் அதில் திணறும். 4 அடிக்குக் குறைக்காதீர்கள். ஊட்டி ரயில் கல்லாறு-குன்னூர் இடையே ஏறுவது போல, எஞ்சினின் பல்சக்கரம் நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் பாதையே போடலாம் என்றால், அங்கே ஏற்றம் 12.5 அடிக்கு 1 அடி. அந்தக் கணக்கில் உங்களுக்கு 25 அடியே போதும்! மாடலிலும் பல் தண்டவாளம் உண்டு. அதற்கேற்ற எஞ்சின் வேண்டும், பர்ஸும் கனமாக இருக்க வேண்டும்.

அப்புறம் அடித்தளம். ஒரு சாண் ஆழம் தோண்டி, முக்கால் இஞ்ச் ஜல்லி கொட்டித் திமிசு போடுங்கள். மேலே சிப்ஸும் கிரஷர் தூளும். தண்டவாளம் அதன்மேல் சும்மா உட்காரட்டும், சிமென்டில் புதைக்க வேண்டாம். 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 6 மி.மீ. நீளும். இணைப்புகளில் இடம் விடாவிட்டால் சித்திரையில் சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கும்.

மின்சாரத்தைத் தண்டவாளத்தில் விடலாம்தான். ஆனால் தினமும் காலையில் பனியையும் புழுதியையும் துடைத்தால்தான் வண்டி நகரும். எனக்கு ஒரு மாதத்தில் அலுத்துவிட்டது. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு பெட்டியில் பேட்டரியை ஒளித்துவைத்து ரிமோட்டில் ஓட்டுங்கள்.

தென்னைக்கு அடியில் மட்டும் பாதை வேண்டாம். பத்து நாள் உட்கார்ந்து கட்டிய என் பாலத்தை ஒரு மட்டை விழுந்து முடித்துவிட்டது.