சிதறிக் கிடக்கும் ஜிபியுக்களால் பெரிய மாடலை உருவாக்க முடியுமா? கேள்வி பதில்

கேள்வி: 2020-இல் புரத மடிப்பை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் திட்டம் தன்னார்வலர்களின் கணினிகளை வைத்தே எக்ஸாஃப்ளாப் (நொடிக்கு நூறு கோடி × நூறு கோடி கணக்கு) வேகத்தைத் தாண்டியது. அதே வழியில் ஒரு மொழி மாடலுக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாதா?

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். புரத மடிப்புக் கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். உங்கள் கணினி ஒரு துண்டை வாங்கி, மணிக்கணக்கில் தனியாக உழைத்து, முடிவை மட்டும் அனுப்பும். மற்றக் கணினிகள் என்ன செய்கின்றன என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. வேற்றுக்கிரக சமிக்ஞைகளைத் தேட 1999-இல் தொடங்கிய செட்டி அட் ஹோமும் இப்படித்தான் ஓடியது.

மாடல் பயிற்சி வேறு மாதிரி. வழக்கமான முறையில், ஒவ்வொரு அடி (பயிற்சியின் ஒரு சுற்று) முடிந்ததும் எல்லா ஜிபியுக்களும் (கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் கணக்குச் சில்லுகள்) தங்கள் திருத்தங்களைப் பரிமாறிச் சராசரி எடுக்க வேண்டும். 1,000 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாறும் எண்கள்), ஒன்றுக்கு 2 பைட் என்றால் 20 ஜிபி. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அதை ஒருமுறை அனுப்பவே சுமார் 27 நிமிடம் ஆகும். ஒரே சர்வருக்குள் என்விடியாவின் எச்100 என்ற தரவு மைய ஜிபியுக்களை இணைக்கும் என்விலிங்க் இணைப்பின் வேகமோ நொடிக்கு 900 ஜிபி. இந்தப் பரிமாற்றம் ஆயிரக்கணக்கான முறை நடக்க வேண்டும். கணக்குப் போடும் திறன் உலகத்தில் நிறையவே இருக்கிறது, நடுவில் இருக்கும் கம்பிதான் போதவில்லை.

கேள்வி: என் கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கிறது. வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும்?

பதில்: வருமானக் கணக்கு என் துறை இல்லை. சேருவதற்கே பணம் கட்டச் சொன்னாலோ கிரிப்டோ டோக்கன் வாங்கச் சொன்னாலோ சேராதீர்கள்.

கேள்வி: கம்பி வாதம் பழசாகிவிட்டது. டிலோகோ பயிற்சி முறை வந்த பிறகும் இதையே சொல்லலாமா?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். கூகுள் டீப்மைண்ட் 2023-இல் வெளியிட்ட டிலோகோவில், ஒவ்வொரு குழுவும் நூற்றுக்கணக்கான அடிகளைத் தனியாக நடந்துவிட்டு ஒருமுறை மட்டும் ஒத்துப்பார்க்கும். தகவல் பரிமாற்றம் 500 மடங்கு குறைந்தது. அந்த வழியில்தான் 2024-இல் பிரைம் இன்டெலெக்ட் குழு, 1,000 கோடி அளவுருக்கள் கொண்ட இன்டெலெக்ட்-1 மாடலுக்கு மூன்று கண்டங்களில் பரவிய கணினிகளில் பயிற்சி கொடுத்தது. எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. ஆனால் அவை வீட்டுக் கணினிகள் இல்லை. ஒவ்வொன்றிலும் எட்டு எச்100 இருந்தன.

கேள்வி: அதனால் என்ன? நாளை வீட்டுக் கார்டுகளும் சேரும்.

பதில்: நினைவகத்தைப் பாருங்கள். வழக்கமான பயிற்சியில் ஒரு அளவுருவுக்கு ஏறக்குறைய 16 பைட் வேண்டும். 1,000 கோடிக்கு 160 ஜிபி. வீட்டில் இருக்கும் நல்ல கார்டில்கூட 24 முதல் 32 ஜிபிதான்.

கேள்வி: பெட்டல்ஸ் திட்டம் மாதிரி மாடலின் அடுக்குகளைப் பல கணினிகளில் பிரித்து வைக்கலாமே!

பதில்: வைக்கலாம். 17,600 கோடி அளவுருக்கள் கொண்ட புளூம் மாடலை அது அப்படித்தான் ஓட்டியது, வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு சொல்துண்டு. ஓட்டுவதற்கு அது போதும். முதலிலிருந்து பயிற்சி கொடுக்க, அடுக்குக்கு அடுக்கு இணையத்தில் தாவுவது கட்டுப்படியாகாது. மெட்டாவின் லாமா 3.1 வரிசையில் 40,500 கோடி அளவுருக்கள் கொண்ட மாடலின் பயிற்சிக்கு 16,384 ஜிபியுக்களை ஒரே பிணையத்தில் கட்டினார்கள். அப்புறம் இன்னொன்று: அறிமுகமில்லாதவர் கணினியில் உங்கள் கேள்வி ஓடினால் அவர் அதைப் படிக்க முடியும். மருத்துவ விவரம், கடவுச்சொல் எதையும் அங்கே போடாதீர்கள்.

கேள்வி: வாடகைக்கு விட நல்ல தளம் எது?

பதில்: மேலே சொன்னதுபோல, அது என் துறை இல்லை. முன்பணம் கேட்டால் விலகுங்கள்.

கேள்வி: ஒருவர் பொய்யான முடிவை அனுப்பினால்?

பதில்: செட்டி அட் ஹோம் போன்ற பழைய திட்டங்கள் ஒரே வேலையை இருவருக்குக் கொடுத்து ஒப்பிட்டன. இங்கே அது சிரமம். வெவ்வேறு ஜிபியுக்களில் தசமக் கணக்கின் கடைசி இலக்கங்கள் நேர்மையாகவே மாறும்.

கேள்வி: அப்படியானால் எதிர்காலமே இல்லையா?

பதில்: இருக்கிறது, வலுவூட்டல் கற்றலில் (சரியான விடைக்கு மதிப்பெண் கொடுத்து மாடலை மேம்படுத்துவது). அதில் பெரும்பகுதி வேலை, மாடல் பல விடைகளை எழுதிப் பார்ப்பது. அதைத் தனித்தனியாகச் செய்யலாம். கணிதமோ நிரலோ என்றால் விடை சரியா என்று சோதிப்பதும் சுலபம், அனுப்ப வேண்டியதும் சிறிய உரைதான். 2025-இல் 3,200 கோடி அளவுருக்கள் கொண்ட இன்டெலெக்ட்-2 இந்த வழியில்தான் வந்தது. வீட்டுக் கார்டுகளுக்கு முதலில் கதவு திறப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன்.